மண்டப வாசலில் பூர்வகுடி நிலத்தை அறிவிக்கும் பலகை: யாரைக் கேட்பது, என்ன எழுதுவது, எப்படி நடுவது?

2024 பிப்ரவரி 12, கேள்வி (சிட்னி மேற்கு வாசகர்)

எங்கட சங்கத்துக்குச் சொந்தமா ஒரு மண்டபம் இருக்கு, வென்ட்வர்த்வில் பக்கம். வாசலில "இது டாரக் மக்கள் வாழ்ந்த நிலம்" எண்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வைக்கக் கமிட்டி முடிவெடுத்திட்டுது. வசனம் இணையத்தில இருந்து எடுத்தாச்சு. கடையில விலையும் கேட்டாச்சு. மூலையில புள்ளி ஓவியம் ஒண்டு போட்டுத் தரலாம் எண்டும் சொல்லினம். தமிழ் வசனத்தை ஆராவது ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ. ஏப்ரலுக்குள்ள திறக்க வேணும்.

பிப்ரவரி 13

தமிழ் வசனத்தைப் பிறகு பார்ப்போம். கடைக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். பலகை அடிப்பது இந்த வேலையின் கடைசிப் படி. இணையத்து வசனம், கடைக்காரரின் புள்ளி ஓவியம், வரைபடத்தில் பார்த்த பெயர் மூன்றையும் சேர்த்து அடித்தால், டாரக் மக்களைப் பற்றிய பலகையில் டாரக் மக்களின் கை எங்குமே பட்டிருக்காது.

யாரைக் கேட்பது? நியூ சவுத் வேல்ஸில் இரண்டு விதமான அமைப்புகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. முதலாவது, 1983-ஆம் ஆண்டுப் பூர்வகுடி நில உரிமைச் சட்டத்தின்படி அமைந்த வட்டார நில மன்றம். உங்கள் பக்கத்துக்குப் பெரும்பாலும் டீரப்பின் மன்றம் வரும். கம்பர்லாந்து கவுன்சிலுக்குள்ளேயே மன்ற எல்லைகள் மாறுவதால் மண்டபத்தின் முகவரியைக் கொடுத்து உறுதிசெய்யுங்கள். அந்த வட்டாரத்தில் வசிக்கும், அல்லது அதோடு தொடர்புள்ள, வயதுவந்த பூர்வகுடியினர் மன்றத்தில் உறுப்பினராகலாம். ஆகவே வேறு பகுதிகளிலிருந்து சிட்னிக்கு வந்த பூர்வகுடிக் குடும்பங்களும் அதில் இருப்பார்கள். பண்பாட்டு மரபைக் காக்கும் பொறுப்பைச் சட்டமே மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டாவது, டாரக் வழித்தோன்றல்கள் தாங்களே நடத்தும் அமைப்புகள். அவை ஒன்றுக்கு மேற்பட்டவை. இரு பக்கத்துக்கும் எழுத வேண்டும். யார் யாருக்கு எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் ஒவ்வொரு கடிதத்திலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு தரப்பிடம் மட்டும் பேசி முடித்துவிட்டு மற்றவருக்குத் திறப்பு விழா அழைப்பு அனுப்பினால் மனவருத்தம் அங்கேயே தொடங்கிவிடும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: மண்டபத்தின் முகவரியும் லாட் எண்ணும், வாசலின் படம், பலகையின் உத்தேச அளவு, "வரைவு" என்று குறித்த வசனம், செலவு யாருடையது என்பது, அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்குக் கட்டணம் எவ்வளவு என்ற கேள்வி. கடைசியில் உள்ளதை விட்டுவிடாதீர்கள். பெயரைச் சரிபார்ப்பது, வசனம் எழுதுவது, திறப்பு நாளில் வரவேற்பது எல்லாம் உழைப்பு. வழக்கறிஞருக்கும் கணக்காளருக்கும் பணம் கொடுக்கும் சங்கம் இதை மட்டும் இலவசமாக எதிர்பார்ப்பது முறையில்லை.

பதில் வர வாரங்கள் ஆகலாம். அலுவலகங்கள் சிறியவை, கேட்பவர்கள் ஏராளம். மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம், ஜூலைத் தொடக்கத்தில் பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரம். இந்த நாட்களில் மூத்தோர் கிடைப்பது மிகவும் கடினம். ஏப்ரல் கெடுவைக் கமிட்டி தளர்த்தட்டும்.

பிப்ரவரி 13, இரவு

விட்டுப்போன ஒன்று. உங்கள் வசனத்தில் "வாழ்ந்த நிலம்" என்று இருக்கிறது. அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பிளாக்டவுனில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த பழைய பள்ளி நிலம் 2018-இல் டாரக் மக்களிடம் திரும்பி வந்தது. அந்த இடம் உங்கள் மண்டபத்திலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். இறந்தகாலத்தில் எழுதிய பலகையை ஒரு டாரக் பாட்டி தன் பேரனோடு நின்று படிப்பதாக நினைத்துப் பாருங்கள். நிகழ்காலத்தில் எழுதுங்கள்.

பிப்ரவரி 15

தனிமடலில் இருவர் கேட்டது: "ஆயாட்சிஸ் வரைபடம் இருக்கிறதே, அதைப் பார்த்துப் பெயர் போட்டால் போதாதா?"

போதாது. ஆயாட்சிஸ் என்பது பூர்வகுடி ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம். டேவிட் ஹார்ட்டன் தொகுத்து 1996-இல் வந்த அந்த வரைபடம் பெரிய மொழி, சமூகக் குழுக்கள் ஏறக்குறைய எங்கே இருக்கின்றன என்று காட்டுவதற்கானது. எல்லைகள் துல்லியமானவை அல்ல, நில உரிமைக் கோரிக்கைக்கு இது உதவாது என்று வரைபடத்திலேயே எழுதியிருக்கிறது. வண்ணங்கள் ஒன்றில் ஒன்று கரைவதுபோல் அச்சிட்டிருப்பதும் அதனால்தான். நார்மன் டிண்டேலின் 1974 வரைபடம் கோடு கிழித்துக் காட்டும்; இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. யாரைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ள வரைபடம் உதவும். இன்னொன்று, அது காப்புரிமை உள்ள வரைபடம். அதைப் பெரிதாக்கிப் பலகையில் அச்சிட அனுமதி வாங்க வேண்டும்.

எழுத்தில் இருக்கும் பெயரை நம்பி ஏமாந்ததற்குச் சிட்னியின் வடகரையே சாட்சி. "குரிங்காய்" என்ற பெயர் அங்கே பலகைகளிலும் கூட்டத் தொடக்க உரைகளிலும் பல காலம் புழங்கியது. 1892-இல் ஜான் ஃபிரேசர் என்பவர் ஒரு பெரிய பரப்புக்குத் தானாகச் சூட்டிய பெயர் அது. அந்தப் பகுதிக் கவுன்சில்களுக்காக வேலை செய்யும் பூர்வகுடி மரபு அலுவலகம் 2015-இல் ஆதாரங்களைத் திரட்டி, சிட்னி வடக்குக்கு இந்தப் பெயர் பொருந்தாது, விட்டுவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. அதற்குள் எத்தனை பலகைகள் ஏறிவிட்டன!

பிப்ரவரி 18 (மெல்பர்ன் வாசகர்)

இங்கே எங்கள் கோயில் நிர்வாகத்திலும் இதே பேச்சுதான். விக்டோரியாவில் யாரைக் கேட்பது என்று குழப்பமே இல்லை என்கிறார்கள். சரிதானா?

பிப்ரவரி 18, பதில்

மற்ற மாநிலங்களைவிடக் குழப்பம் குறைவு. 2006-ஆம் ஆண்டுப் பூர்வகுடி மரபுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற அமைப்புகள் இருக்கின்றன. எந்த முகவரிக்கு எது என்று அரசின் இணைய வரைபடத்தில் தேடலாம். மெல்பர்னில் உருஞ்சேரி, புனுராங் ஆகிய இரு மக்களின் அமைப்புகளுக்கும் இடையிலான எல்லைக் கோடு 2021 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. நகர மையம், ரிச்மண்ட், ஹாதார்ன் உருஞ்சேரி பக்கம். ஆல்பர்ட் பார்க், செயின்ட் கில்டா, கால்ஃபீல்ட் புனுராங் பக்கம். அதற்கு முன் அடித்த பலகைகளில் "கூலின் தேசம்" என்று பொதுவாக இருக்கும். கூலின் என்பது ஐந்து மொழிக் குழுக்களின் கூட்டுப் பெயர். தவறில்லை, ஆனால் யாருடைய மண் என்ற கேள்விக்கு அதில் பதிலும் இல்லை. பழைய பலகையைப் புதுப்பிக்கும்போது குறிப்பிட்ட பெயருக்கு மாறுவது நல்லது. மாநிலத்தில் எல்லா நிலத்துக்கும் பதிவுபெற்ற அமைப்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மற்ற இடங்கள், சுருக்கமாக. அடிலெய்டில் கௌர்ணா மக்களுக்கு நிலத்தின் மீதுள்ள பூர்வீக உரிமையை 2018 மார்ச்சில் ஃபெடரல் நீதிமன்றம் ஏற்றது. பொறுப்பான அமைப்பு தெளிவாக இருக்கிறது. பெர்த்தில் வஜுக் நூங்கார். நூங்கார் மக்களுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான தென்மேற்கு உடன்பாடு 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. டார்வினில் லராக்கியா. பிரிஸ்பேனில் கவனம் வேண்டும். டர்பல், யுகெரா இரு தரப்பின் கோரிக்கைகளையும் 2015-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டப்படி பூர்வீக உரிமை நிலைக்கவில்லை என்பதால் அது அவர்கள் மண் இல்லை என்று ஆகாது. அங்கே இரண்டு பெயரையும் சேர்த்துப் போடுவது பரவலான வழக்கம்.

பிப்ரவரி 19

மேலே உள்ளதோடு கான்பெராவையும் சேர்த்துப் படியுங்கள். பலகை விஷயத்தில் எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. அங்குள்ள அரசு பல ஆண்டுகளாக நுன்னவால் மக்களை மட்டுமே பாரம்பரியப் பாதுகாவலர் என்று ஏற்று நடந்தது. நம்ப்ரி குடும்பத்தினர் மனித உரிமைச் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் வழக்கு சமரசமாக முடிந்தது. அரசு மன்னிப்புக் கேட்டது; நுன்னவால் மக்களோடு, அந்த நிலத்தோடு தொடர்புள்ள மற்ற மக்களையும் குடும்பங்களையும் சேர்த்து அறிவிக்கும்படி வசனத்தை மாற்றியது.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: பெயரில் இரு தரப்புக்கு இணக்கம் இல்லை என்றால் நீங்கள் நடுவராக உட்காராதீர்கள். இருவரையும் ஏற்கும் வசனத்தை இருவரிடமும் காட்டிக் கேளுங்கள். அதுவும் கூடிவரவில்லை என்றால் பலகையைத் தள்ளிவையுங்கள். காலியான மதிலால் யாருக்கும் கேடு இல்லை.

பிப்ரவரி 22

இழை கொஞ்சம் வேறு பக்கம் போயிருக்கிறது. "ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளும் தமிழரும் ஒரே வழி, அதையும் பலகையில் ஒரு வரி சேர்க்கலாம்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், தயவுசெய்து.

கால்டுவெல் காலத்திலிருந்தே ஒலிகளிலும் சில சொற்களிலும் ஒற்றுமை சுட்டப்பட்டு வருகிறது. ஒப்பியல் மொழியியல் அதை உறவுக்குச் சான்றாக ஏற்கவில்லை. 2013-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கலப்பு நடந்தது என்றது. 2016-இல் பூர்வகுடி ஆண்களின் ஒய் குரோமோசோம்களை முழுமையாக வாசித்த ஆய்வு அதற்கு ஆதாரம் இல்லை என்றது. இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அந்த மண்ணில் இருப்பவர்கள். அவர்களுக்கு மரியாதை சொல்லும் பலகையில் "நாங்களும் உங்கள் சொந்தக்காரர்" என்று நாமாக உரிமை கொண்டாடினால், மரியாதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

பிப்ரவரி 24

இப்போது வசனம். முதலில், "வரவேற்கிறோம்" என்று எழுதாதீர்கள். அந்த மண்ணுக்கு வரவேற்கும் உரிமை அந்த மண்ணின் மக்களுக்கு. மற்றவர் செய்யக்கூடியது ஏற்று அறிவிப்பது. கவுன்சில் எல்லையில் "வரவேற்கிறோம்" பலகை இருக்கிறதே என்றால், அவை அந்த மக்களோடு பேசி வைத்தவையாக இருக்க வேண்டும். உங்கள் பலகைக்கும் அவர்களே அப்படி எழுதச் சொன்னால் எழுதுங்கள்.

"கடந்த, இன்றைய, வருங்கால மூத்தோர்" என்ற தொடரில் மூன்றாவதை விடச் சொல்லும் சமூகங்கள் இப்போது பல. மூத்தோர் என்ற நிலை சமூகம் ஒருவருக்குக் கொடுப்பது, முன்கூட்டியே எழுதிவைப்பதில்லை என்பது அவர்கள் தரும் காரணம். "பாதுகாவலர்", "உரிமையாளர்" இரண்டில் எது என்பதும் அவர்கள் சொல்வதுதான். இந்த மண் ஒருபோதும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்ற வரி வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். கமிட்டியில் சிலர் தயங்குவார்கள், ஆனால் அது வரலாற்று உண்மை, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் எடுத்த நிலம். பூர்வகுடிப் போர்வீரர் பெமுல்வாய் 1797-இல் டூங்காபியிலும் பாரமட்டாவிலும் போரிட்டது அதே நிலத்துக்காக. பெண்டில் ஹில் பக்கத்துப் புறநகர் ஒன்றுக்கு அவர் பெயர்தான்.

தமிழுக்கு என் வரைவு, அவர்கள் ஒப்புதலுக்கு உட்பட்டு:

"நாம் நிற்பது டாரக் மக்களின் மண். இந்த மண்ணையும் இதன் நீர்நிலைகளையும் இன்றும் பேணிவரும் அவர்களை வணங்குகிறோம். அவர்களுடைய மூத்தோருக்கு எங்கள் மரியாதை."

"ஆதிவாசி", "பழங்குடி" இரண்டும் வேண்டாம்; பொதுச்சொல் தேவைப்பட்டால் "பூர்வகுடி மக்கள்". பெயரின் உச்சரிப்பை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு, அனுமதியோடு பதிவுசெய்து, அதற்கு நெருங்கிய தமிழ் எழுத்துகளைப் போடுங்கள்.

பிப்ரவரி 25

பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு. டாரக் அமைப்புகளிலேயே ஒன்று "டி"க்குப் பிறகு "எச்" சேர்க்கும், இன்னொன்று சேர்க்காது. யாருடைய ஒப்புதலில் பலகை ஏறுகிறதோ அவர்கள் எழுத்துக்கூட்டைப் போட்டு, எழுத்தில் கையொப்பம் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது.

கடையில் நடக்கும் கோளாறுகள் இன்னும் சில. டாஸ்மேனியாவின் பலவா கானி மொழியில் பெரிய எழுத்தே கிடையாது. குனன்யி மலைக்கு 2013-இல் இரட்டைப் பெயர் வந்தபோதும் சிறிய எழுத்தில்தான். கடைக்காரர் அழகுக்காக எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கினால் பெயரே பிழையாகிவிடும். அந்த மொழியைப் பயன்படுத்த டாஸ்மேனியப் பூர்வகுடி மையத்திடம் அனுமதியும் வாங்க வேண்டும். மெல்பர்னில் 2022 செப்டம்பரில் பெயர் மாறிய மெரி-பெக் கவுன்சிலில் நடுக்கோடு பெயரின் பகுதி. 2023 ஜூனில் மீண்ட கே-காரி தீவின் (முன்பு ஃபிரேசர் தீவு) பெயரில் மேற்குறி இருக்கிறது. சில மென்பொருள்கள் அதை விழுங்கிவிடும். உலுருவில் "ஆர்" எழுத்தின் அடியில் ஒரு கோடு உண்டு. வடக்கே வாழும் யோல்ங்கு மக்களின் பெயர்களில் "என்"னுக்கு வால் முளைத்தது போன்ற ஓர் எழுத்து வரும். எழுத்துருவில் அந்த எழுத்து இல்லாவிட்டால் அச்சில் வெறும் கட்டம் விழும், அல்லது மென்பொருள் வேறு எழுத்துருவிலிருந்து ஒட்டவைத்து அந்த ஓரெழுத்து மட்டும் தடித்து நிற்கும். வடிவமைப்பு தொடங்கும் முன்பே பெயரை மட்டும் அந்த எழுத்துருவில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எழுத்துக்கூட்டு மாறவும் செய்யும். கௌர்ணா மொழிக்கு 2010-இல் திருத்திய எழுத்துமுறை வந்தபோது அடிலெய்டு விக்டோரியா சதுக்கத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியது. அதனால் பெயர் வரும் பட்டையைத் தனித் தகடாகச் செய்து திருகாணியில் மாட்டுவது நல்லது. பின்னாளில் அதை மட்டும் மாற்றலாம்.

பிப்ரவரி 27

புள்ளி ஓவியம். அந்தப் பாணி மத்திய ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில், 1971-72-இல் பாப்புன்யாவில் பலகைகளில் தீட்டத் தொடங்கியதிலிருந்து உலகம் அறிந்தது. சிட்னி மண்ணின் மரபு பாறைச் செதுக்கலும் கோட்டுருவங்களும். டாரக் மண்ணின் பலகையில் கடைக் கோப்பிலிருந்து எடுத்த புள்ளி ஓவியம் போடுவது, ஊர் பேர் தெரியாமல் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவதாகும். அந்தக் கோப்பு பூர்வகுடிக் கலைஞருடையதாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. நினைவுப்பொருள் சந்தையில் பாதிக்கும் மேல் போலி என்று அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-இல் சொன்னது.

ஓவியம் வேண்டுமானால் அந்த மண்ணின் கலைஞரை அமைப்பு வழியாகவே கேளுங்கள். எழுத்தில் உடன்பாடு போடுங்கள்: எந்தப் பலகைக்கு, எத்தனை ஆண்டுக்கு, அளவு மாற்றலாமா, வெட்டலாமா, சங்கத்தின் கடிதத்தாளிலும் டி-சர்ட்டிலும் போடலாமா. பணம் கொடுத்ததால் காப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. கலைஞரின் பெயர் பலகையில் இருப்பது அவருடைய சட்ட உரிமை. பெயருக்கு இடம் விட்டே வடிவமையுங்கள்.

கொடி: ஹரால்ட் தாமஸ் 1971-இல் வடிவமைத்த பூர்வகுடிக் கொடியின் காப்புரிமையை 2022 ஜனவரியில் மத்திய அரசு வாங்கியது, அதன்பின் யாரும் பயன்படுத்தலாம். கறுப்பு மேலே, சிவப்பு கீழே. தலைகீழாக அச்சாவது அடிக்கடி நடக்கிறது, மாதிரிப்படியில் பாருங்கள். டோரஸ் நீரிணைத் தீவினரின் கொடி வேறு கதை. அதன் காப்புரிமை அங்குள்ள வட்டாரக் கவுன்சிலிடம் இருக்கிறது, அனுமதி கேட்டு எழுத வேண்டும்.

மார்ச் 1 (பலகைக் கடை வைத்திருப்பவர்)

வேலையைப் பற்றிக் கொஞ்சம் நான் சொல்கிறேன். 900க்கு 600 மி.மீ. பலகை, மதிலில் என்றால் 3 மி.மீ. கூட்டு அலுமினியம் போதும். கம்பத்தில் என்றால் 2 மி.மீ. தனி அலுமினியம் எடுங்கள். கூட்டுத் தகட்டின் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் அடுக்கு பிரியும். மேற்குப் பார்த்த மதிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும், கொடியின் நிறங்கள் அவைதான். புற ஊதாத் தடுப்புப் படலம் மேலே கட்டாயம். கிறுக்கலைத் துடைத்தெடுக்கும் வகைப் படலமாகவே வாங்குங்கள், இந்தப் பலகைகளில் சிலர் வேண்டுமென்றே கிறுக்குகிறார்கள். ஒட்டுப்பட்டை செங்கலில் நிற்காது. 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி, தலை முறியும் வகை மரை, நடுவில் நைலான் வளையம். வளையம் இல்லாவிட்டால் கடலோரத்தில் எஃகு தொட்ட இடத்தில் அலுமினியம் அரிக்கும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. வினைல் வெட்டி ஒட்டுவதாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் உரியும். சின்ன வட்டம், பிடிப்பு இல்லை. "மக்களின்" புள்ளி போய் "மககளின" என்று நிற்கும். அச்சடித்தே செய்யுங்கள். கோப்பைக் கடைக்குக் கொடுக்கும் முன் எழுத்துகளை வெளிக்கோடுகளாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அங்கே உள்ள மென்பொருளில் "கொ" உடைந்து கொம்பு தவறான பக்கம் போகும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவர் கண்ணுக்கு அது சரியாகவே இருக்கும்.

மார்ச் 2

கடைக்காரர் அண்ணனுக்கு நன்றி. புள்ளி உரியும் விவரம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது.

கம்பம் நடுவதாக இருந்தால் என் பங்குக்கு. 60 மி.மீ. வெளிவிட்டமுள்ள துத்தநாகம் பூசிய குழாய் இரண்டு. குழி 300 மி.மீ. அகலம், 600 மி.மீ. ஆழம். குழிக்கு 20 கிலோ கலவை மூட்டை நான்கிலிருந்து ஐந்து பிடிக்கும். மேல்பரப்பைக் குழாயிலிருந்து வெளிப்பக்கம் சரித்து விடுங்கள், தண்ணீர் தேங்கினால் குழாய் அடியில் அரிக்கும். மேற்குச் சிட்னியின் களிமண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். குழி ஆழம் குறைந்தால் சில பருவத்திலேயே கம்பம் சாயும்.

தோண்டும் முன் இரண்டு தேடல். ஒன்று, நிலத்தடிக் குழாய், கம்பி விவரத்துக்கு "பிஃபோர் யூ டிக்", கட்டணம் இல்லை. மற்றது, மாநில அரசின் பூர்வகுடி மரபுப் பதிவேடான ஏஹிம்ஸில் அடிப்படைத் தேடல், அதுவும் இலவசம். சுற்றுவட்டாரத்தில் பதிவான மரபிடங்கள் உண்டா என்று அது சொல்லும். பதிவாகாத இடங்களும் உண்டு. வெறுமையான பதில் வந்தாலும் தோண்டுகையில் கல் கருவியோ வேறு எதுவோ கிடைத்தால் வேலையை நிறுத்தி அறிவிக்க வேண்டும், அவற்றைச் சேதப்படுத்துவது 1974-ஆம் ஆண்டுத் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வளாகத்தில் பழைய பெரிய மரம் இருந்தால் அதன் வேரோரத்தில் குழி வேண்டாம். பூர்வகுடியினர் முற்காலத்தில் பட்டை உரித்த தழும்புள்ள மரமாக இருக்கலாம்.

மதிலே போதும் என்றால் மதிலில் வையுங்கள். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 1,200 முதல் 1,600 மி.மீ. உயரத்துக்குள் வரட்டும், சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மண்ணிறத்தில் பழுப்பு எழுத்து பார்க்க இதமாக இருக்கும், தூரத்தில் காணாமல் போகும். பலகைக்கு அனுமதி வேண்டுமா என்று கவுன்சில் திட்டப் பிரிவில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

மார்ச் 5

நெடுஞ்சாலைப் பலகைகளில் ஏன் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, மரியாதை வாசகம் இல்லையே என்று கேட்டவருக்கு: கணக்குதான் காரணம். 200 மி.மீ. உயர எழுத்தை ஓட்டுநர் சுமார் 120 மீட்டரில் படிக்கத் தொடங்குவார். 80 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரம் ஐந்தரை விநாடி. அதில் சாலையையும் பார்க்க வேண்டும். பெயரும் "மண்" என்ற ஒரு சொல்லும்தான் கொள்ளும். விவரம் சொல்ல வேண்டிய இடம் ஓய்விடமும் நடைபாதையும்.

எல்லையில் நட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆறும் மலைமுகடும் பல இடங்களில் இரு மக்களுக்கும் பொதுவானவை. அங்கே கம்பம் நட்டால் இல்லாத கோட்டை நாமே கிழித்ததாகும். ஐயமில்லாத உட்பகுதியில் நட்டால் சச்சரவு இல்லை.

மார்ச் 6

வாடகைப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துபவர்கள்: அந்த வளாகத்தில் நீங்கள் ஆணி அடிக்க முடியாது. பள்ளியில் ஏற்கெனவே ஓர் அறிவிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். முதல்வரிடம் கேட்டு, அதே எழுத்துக்கூட்டில் தமிழ் வசனத்தை ஒரு மடக்குத் தாங்கியில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் முகவரிக்கு மேல் அந்த மண்ணின் பெயரை எழுத அஞ்சல் துறையும் இடம் தருகிறது: பெறுநர் பெயருக்கும் தெரு வரிக்கும் நடுவில். குழந்தைகள் செய்து பழக எளிது.

மே 20 (கேள்வி கேட்டவர்)

அண்ணா, ரெண்டு பக்கத்துக்கும் எழுதி, ரெண்டு பக்கமும் பதில் வந்திட்டுது. தமிழ் வசனத்தின்ர பொருளை ஆங்கிலத்தில எழுதித் தரச் சொல்லிக் கேட்டவை. குடுத்தம். "நீர்நிலை" எண்ட இடத்தில பக்கத்து ஓடையின்ர பெயரைப் போடலாமோ எண்டு கேட்டிருக்கினம். எழுத்துக்கூட்டில மட்டும் ரெண்டு பேரும் ரெண்டு விதம். இப்ப என்ன செய்யிறது?

மே 20, பதில்

ஓடையின் பெயரைக் கட்டாயம் போடுங்கள். பொது வாசகம் உங்கள் வாசலுக்கே உரியதாகிவிடும். அந்தப் பெயரின் எழுத்தையும் உறுதிசெய்து வாங்குங்கள்.

எழுத்துக்கூட்டு வேறுபாட்டை இரு தரப்புக்கும் அப்படியே எழுதித் தெரிவியுங்கள். மூன்று வழிகளை முன்வையுங்கள்: இரண்டையும் சாய்கோடு இட்டுப் போடுவது, தமிழில் பெயரை எழுதி ஆங்கிலத்தில் ஒருவருடையதை மற்றவர் சம்மதத்தோடு எடுப்பது, பெயர்த் தகட்டை மட்டும் பிறகு மாட்டுவது. எது என்று அவர்கள் சொல்லட்டும். சம்மதம் வந்ததும் மாதிரிப்படியை உண்மையான அளவில் அச்சிட்டு மதிலில் ஒட்டிப் படமெடுத்து அனுப்புங்கள்; திரையில் தெரியாத பிழை அதில் தெரியும்.

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத் தீர்மானத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். பலகையைக் கழுவுவதும் வெளிறினால் மாற்றுவதும் எந்தப் பொறுப்பாளர் வேலை என்பது ஒன்று. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வசனத்தையும் பெயரையும் அமைப்புகளிடம் திரும்பக் காட்டுவது மற்றது. கமிட்டி மாறினால் இதெல்லாம் யாருக்கும் நினைவிருக்காது. ஒப்புதல் கடிதங்களின் நகலையும் எழுத்துருக் கோப்பையும் பத்திரக் கோப்போடு வையுங்கள்.

திறப்பு நாளை அவர்கள் சொல்லும் தேதிக்கு வையுங்கள். ஆகஸ்டுக்குப் பிறகு கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். வரவேற்பு உரைக்கு முன் நம் ஆட்களின் பேச்சு எதுவும் வேண்டாம். குத்துவிளக்கேற்றுவது அதற்குப் பிறகு. அவர்கள் இலைகளை எரித்துச் செய்யும் புகைச் சடங்கு நடப்பதாக இருந்தால் மண்டபத்தின் புகை உணர்கருவி பற்றித் தீயணைப்பு எச்சரிக்கை நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, சடங்கை வெளியே வாசலில் வையுங்கள்.